தலைகீழாகப் பறக்கக் கற்றல்: சிறுவடிவ ஹெலிகாப்டர் வான்சாகசத்தின் வரலாறு

ஒரு கலையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அக்கலைக்குரிய கருவிகளின் வரலாற்றையே எழுதிவிடுகின்றனர். எந்தப் பொறி எந்த ஆண்டில் வந்தது என்பதைக் குறித்துவைப்பது எளிது. அப்பொறியைக் கையாளுவோர் எவ்வாறு கற்றனர், எதைக் கற்க வேண்டியிருந்தது, எதைக் கற்காமலே விட்டனர் என்பவை எளிதில் பதிவாவதில்லை. கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டோரும் கற்றலைக் கடமையாகக் கொண்டோரும் படிக்கும் இவ்வரிசையில், அவ்வாறு பதிவாகாது போகும் பகுதியையே முதன்மையாக வைத்து ஒரு வரலாற்றைச் சொல்ல விழைகிறோம்.

நாம் எடுத்துக்கொள்ளும் கலை, வானொலி அலைகளால் தரையிலிருந்து இயக்கப்படும் சிறுவடிவ ஹெலிகாப்டரைத் தலைகீழாகவும் பின்னோக்கியும் பக்கவாட்டிலும் பறக்கவிட்டு, வானில் குட்டிக்கரணம் போடச் செய்யும் கலை. அதன் வயது அரை நூற்றாண்டுக்குச் சற்றே மேல். இக்குறுகிய காலத்திற்குள் கற்கும் முறை பலமுறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. கற்பவரின் கடினத்தைக் கருவி ஏற்றுக்கொள்ளும்போது கற்பவர் எதைப் பெறுகிறார், எதை இழக்கிறார் என்பதே அக்கேள்வி. இன்று வகுப்பறைக்குள் அறிவுசார் மென்பொருள்களை அனுமதிப்பதா வேண்டாவா என்று எண்ணிப்பார்க்கும் நமக்கும் அது அயலான கேள்வி அன்று.

சிறுவடிவம் முந்தியது

பெரிய ஊர்தி முதலில் தோன்றும். அதன் பின்னரே அதைப் பார்த்து விளையாட்டுக்காகச் சிறிய மாதிரி செய்யப்படும். இதுவே நாம் வழக்கமாக எண்ணுவது. ஹெலிகாப்டரின் வரலாற்றில் ஒரு முக்கியமான பகுதி இதற்கு மாறாக நடந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த ஆர்தர் யங் என்பவர் 1928ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறு மாதிரிகளைக் கொண்டே ஹெலிகாப்டரை ஆராய்ந்தார். மாதிரி உடைந்தால் உயிரிழப்பில்லை. மறுநாளே வேறொன்று செய்துவிடலாம். மேலெழும்பிய சில நொடிகளிலேயே அவருடைய மாதிரிகள் ஊசலாடிக் கவிழ்ந்தன. சுழலியோடு சேர்ந்து சுழலும் ஒரு நிலைநிறுத்தும் தண்டை அவர் பொருத்திய பின்னரே மாதிரி காற்றில் அமைதியாக நின்றது. மின்மோட்டாரால் இயங்கிய அம்மாதிரியை அவர் 1941இல் பெல் விமான நிறுவனத்தினருக்குப் பறக்கவிட்டுக் காட்டினார். அதன் வழிவந்த பெல் 47 என்னும் ஹெலிகாப்டர் 1946 மார்ச் 8ஆம் நாள் குடிமக்கள் பயன்பாட்டுக்கான சான்றிதழைப் பெற்றது. ஆள் ஏறும் ஊர்தி அங்கே சிறு மாதிரியிடமிருந்து பாடம் கற்றது.

எனினும் யங்கின் மாதிரி அறைக்குள் மிதந்த ஒன்று. திறந்த வெளியில், காற்றுக்கு எதிராக, கம்பியின் துணையின்றி, இயக்குபவரின் விருப்பப்படி செல்லும் சிறு ஹெலிகாப்டர் உருவாக மேலும் கால் நூற்றாண்டு கடந்தது. அந்தப் படியைக் கடந்தோருள் முதன்மையானவர் ஜெர்மனியைச் சேர்ந்த டீட்டர் ஷ்லூட்டர். 1960களின் இறுதியில் அவர் செய்த மாதிரிகள் நம்பகமாகப் பறக்கத் தொடங்கின. ‘ஹியூய் கோப்ரா’ போர் ஹெலிகாப்டரின் வடிவிலமைந்த அவருடைய மாதிரி 1970ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 11.5 கிலோமீட்டர் தொலைவைப் பறந்து கடந்தது. பின்னர் அது பெட்டியில் அடைத்த பாகங்களாக விற்பனைக்கும் வந்தது. பொறியியல் பட்டம் பெறாதவரும் வீட்டு மேசையில் ஒரு ஹெலிகாப்டரைக் கூட்டிச் சேர்க்கும் காலம் அவ்வாறு பிறந்தது.

நிற்பதே வித்தையாக இருந்த காலம்

அக்காலத்தில் சாகசம் என்று தனியாக ஒன்றும் தேவைப்படவில்லை. ஓரிடத்தில் மிதந்து நிற்பதே சாகசமாக இருந்தது. இதன் காரணத்தை விளங்கிக்கொள்ள ஹெலிகாப்டரின் இயல்பைச் சற்று நோக்க வேண்டும்.

விமானம் கைவிடப்பட்டாலும் சிறிது நேரம் தானே நேராகச் செல்லும். ஹெலிகாப்டரோ ஒவ்வொரு நொடியும் கவிழவே முயலும். மேலே சுழலும் பெரிய இறக்கைகள் ஒரு திசையில் திரும்பினால் உடல் எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். அதைத் தடுப்பது வாலிலுள்ள சிறு சுழலி. மேலே ஏறப் பொறியின் விசையைக் கூட்டினால் மூக்கு ஒரு பக்கம் இழுக்கும். அதைத் திருத்தினால் உயரம் மாறும். உயரத்தைச் சரிசெய்தால் மீண்டும் மூக்கு இழுக்கும். தொடக்ககால மாதிரிகள் பலவற்றில் இறக்கையின் சாய்கோணம் மாறாதிருந்தது. ஆகவே ஏறவும் இறங்கவும் பொறியின் வேகத்தையே கூட்டிக் குறைக்க வேண்டியிருந்தது. வேகம் மாறுவதற்குள் ஹெலிகாப்டர் வேறெங்கோ சென்றுவிடும். மாதிரி சிறியதாகையால் அதன் அசைவுகளும் பெரிய ஹெலிகாப்டரைவிட விரைவானவை. இவற்றுக்கெல்லாம் இயக்குபவரின் இரண்டு கைகளே மறுமொழி சொல்ல வேண்டும்.

கற்பவர்கள் ஹெலிகாப்டரின் கால்களின் கீழே நீண்ட குச்சிகளைக் குறுக்காகக் கட்டி, முனைகளில் இலேசான பந்துகளைச் செருகினர். சற்றே சாய்ந்து இறங்கினாலும் இறக்கை தரையில் மோதாது. முழங்கால் உயரத்துக்கும் மேலே எழும்பாமல், தரையில் வழுக்கி வழுக்கிப் பழகுவர். வாரக்கணக்கில், சிலர்க்கு மாதக்கணக்கில், இதுவே பாடம். ஆசானிடம் ஒரு கருவியும் மாணவனிடம் ஒரு கருவியுமாக இரண்டைக் கம்பியால் இணைக்கும் முறையும் வழக்கத்துக்கு வந்தது. ஆசான் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஹெலிகாப்டர் மாணவன் கையில். விரலை எடுத்த கணமே ஆசான் கையில். எப்போது விரலை எடுப்பது என்பதே அந்த ஆசானின் திறமை. முந்தி எடுத்தால் மாணவன் தன் தவறைத் தானே திருத்தக் கற்கமாட்டான். பிந்தி எடுத்தால் ஹெலிகாப்டர் மிஞ்சாது.

குச்சிகளைத் திருப்பிய பொத்தான்

இறக்கையின் சாய்கோணத்தை மாற்றும் அமைப்பு மாதிரிகளில் பரவிய பின் புதியதொரு வாய்ப்புத் திறந்தது. பொறியை ஒரே வேகத்தில் ஓடவிட்டு, சாய்கோணத்தை மேல்நோக்கி மாற்றினால் ஹெலிகாப்டர் ஏறும். கோணத்தைச் சுழிக்கும் கீழே கொண்டுசென்றால் சுழலி காற்றை மேல்நோக்கித் தள்ளும். ஹெலிகாப்டர் கவிழ்ந்திருக்கும்போது இந்த எதிர்க்கோணமே அதைத் தாங்கும். இருபுறமும் ஒரே வளைவுடைய இறக்கைகளைப் பொருத்தியதும் தலைகீழாக மிதப்பது நேராக மிதப்பதற்கு நிகராயிற்று. ஆள் ஏறும் ஹெலிகாப்டர்களில் சில வானில் வட்டமடிக்கும், உருளும்; எனினும் தலைகீழாக நிலைத்து மிதக்க அவற்றால் இயலாது. இந்த இடத்தில் சிறுவடிவம் பெரிய வடிவத்தை விட்டுப் பிரிந்து தன் வழியே சென்றது.

இயந்திரம் ஆயத்தமாயிற்று, மனிதர் ஆயத்தமாகவில்லை. ஹெலிகாப்டரின் வால் நம்மை நோக்கியிருக்க அது கவிழ்ந்திருப்பதாகக் கொள்வோம். இடவலமாகச் சாய்க்கும் குச்சி முன்போலவே வேலை செய்யும். முன்னே தள்ளும் குச்சியோ அதைப் பின்னே கொண்டுவரும். மூக்கைத் திருப்பும் குச்சியும் மாறிச் செயல்படும். ஏற்றும் குச்சி இறக்கும். இறக்கும் குச்சி ஏற்றும். பல ஆண்டுகள் கையில் ஊறிய பழக்கமே இப்போது பகையாகிவிடுகிறது. தரை நெருங்கும்போது அஞ்சியவன் கை இயல்பாகவே ‘மேலே’ என்று தள்ளும். ஹெலிகாப்டர் அதே விசையோடு தரையில் மோதும்.

1980களில் சில கட்டுப்பாட்டுக் கருவிகள் இதற்கு ஓர் எளிய தீர்வை அளித்தன. ஒரு பொத்தானைத் தட்டினால், மாறிப்போகும் குச்சிகள் அனைத்தையும் கருவியே திருப்பிக்கொள்ளும். ஹெலிகாப்டர் கவிழ்ந்திருந்தாலும் இயக்குபவருக்கு அது நிமிர்ந்திருப்பதாகவே தோன்றும். கவிழ்ந்து மிதக்கும் காட்சியைப் பலர் முதன்முதலில் கண்டது இப்பொத்தானின் உதவியால்தான். கற்க வேண்டிய கடினத்தைக் கருவி முழுமையாக ஏற்றுக்கொண்டது.

ஆனால் அத்தீர்வுக்கு ஓர் எல்லை இருந்தது. பொத்தான் இரண்டு நிலைகளை மட்டுமே அறியும்: நிமிர்ந்த நிலை, கவிழ்ந்த நிலை. இவற்றுக்கு இடையே ஹெலிகாப்டர் பக்கவாட்டில் செங்குத்தாக நிற்கும் கணத்துக்கு எந்த அமைப்பும் பொருந்தாது. பொத்தானைத் தட்டும் கணம் சற்றே பிசகினாலும் எல்லாக் கட்டளையும் தலைகீழாகிவிடும். தொடர்ந்து பல குட்டிக்கரணங்கள் போட விரும்பியவர் ஒவ்வோர் அரைச்சுற்றுக்கும் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்க இயலாது. ஆகவே அடுத்த தலைமுறையினர் ஒரு கடினமான முடிவை எடுத்தனர். கருவியைத் திருப்புவதை விடுத்து, தம் மனத்தைத் திருப்பிக்கொள்ளக் கற்றனர். அம்முடிவிலிருந்தே ‘முப்பரிமாணப் பறத்தல்’ என்று பின்னர்ப் பெயர்பெற்ற கலை வளர்ந்தது. அதனை வளர்த்தோருள் அமெரிக்கரான கர்ட்டிஸ் யங்பிளட் முன்னோடியாகப் போற்றப்படுகிறார். வரையறுத்த உருவங்களைத் துல்லியமாக வரைந்து காட்டும் உலகப் போட்டி அனைத்துலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் கீழ் 1985இல் கனடாவில் தொடங்கியிருந்தது. அந்த ஒழுங்கான மரபின் பக்கத்திலேயே, வரையறை எதுவும் இல்லாத இக்கலையும் 1990களில் வேகமாகப் பரவியது.

எட்டு நிலைகள்

மனத்தைத் திருப்புவது எவ்வாறு கற்பிக்கப்பட்டது? இங்கே இக்கலை கண்டடைந்த வழி எந்த ஆசிரியரும் கவனிக்கத்தக்கது. எண்ணற்ற அசைவுகளைக் கொண்ட ஒரு திறனை அவர்கள் எட்டு நிலைகளாகப் பிரித்தனர். வால் நம்மை நோக்கியிருத்தல், மூக்கு நம்மை நோக்கியிருத்தல், இடப்பக்கம் தெரிதல், வலப்பக்கம் தெரிதல் என்பவை நான்கு. நிமிர்ந்து நான்கு, கவிழ்ந்து நான்கு, ஆக எட்டு. ஒவ்வொரு நிலையிலும் அசையாது மிதந்து நிற்கக் கற்றவருக்கு, எந்தச் சாகசமும் ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் பயணமாகவே தோன்றும். எழுத்துகளைக் கற்றவன் சொற்களைப் படிப்பதைப் போன்றது இது.

சில சாகசங்களை இங்கே சொல்வது பொருந்தும். ‘டிக்-டாக்’ என்பது கடிகார ஊசலைப் போல ஹெலிகாப்டர் செங்குத்தாக நின்று இப்பக்கமும் அப்பக்கமும் விரைந்து ஆடுவது. ‘புனல்’ என்பது மூக்கைக் கீழே சாய்த்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு புனலின் உட்சுவரைத் தடவுவதுபோல வட்டமாகச் சுற்றிவருவது. பம்பரம்போலத் தன் அச்சில் சுழன்றுகொண்டே குட்டிக்கரணம் போடுவது இவற்றினும் அரியது. உடல் சுழலச் சுழல ‘முன்’ என்பது நொடிக்கு நொடி வேறு திசையாக மாறும்; குச்சியும் அதற்கேற்ப வட்டமாக நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தக் கரணத்தின் திசையையும் தொடர்ந்து மாற்றினால் அதற்கு ‘கேயாஸ்’, அதாவது ஒழுங்கின்மை, என்று பெயர். உண்மையில் அதைவிட ஒழுங்கு தேவைப்படும் சாகசம் குறைவு.

எட்டு நிலைகளைக் கற்கும் மாணவருக்கு மூத்தோர் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: இரண்டு தவறுகளுக்கு இடம் இருக்கும் உயரத்தில் பறக்கவிடு என்பதே அது. ஒரு தவறு செய்வாய். அதைத் திருத்தும் பதற்றத்தில் இன்னொன்றும் செய்வாய். அதன் பிறகும் தரைக்கு மேலே சற்று வெளி எஞ்சியிருக்க வேண்டும். மாணவர் தவறே செய்யக்கூடாது என்று எதிர்பார்க்கும் பாடத்திட்டத்தைவிட, தவறுக்கு இடம் ஒதுக்கிய இந்தப் பாடத்திட்டம் தெளிவானது.

அவ்வெளி தேவைப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இக்கலையில் பயன்படும் பெரிய வகை ஹெலிகாப்டரின் சுழலி ஏறத்தாழ 1.6 மீட்டர் விட்டமுடையது. நிமிடத்துக்கு 2,000 முறை அது சுழலும்போது இறக்கையின் நுனி மணிக்கு ஏறக்குறைய 600 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. இது விளையாட்டுப் பொருளின் வேகம் அன்று. 2013ஆம் ஆண்டு நியூயார்க் நகரப் பூங்கா ஒன்றில் சாகசம் பழகிய இளைஞர் ஒருவர் தம் ஹெலிகாப்டராலேயே உயிரிழந்தார். உயரத்தோடு தொலைவையும் கடைப்பிடிப்பது இக்கல்வியின் முதற்பாடம்.

கருவி ஏற்ற சுமையும் கை ஏற்ற சுமையும்

பொத்தானைக் கைவிட்ட இக்கலை எல்லாக் கருவிகளையும் கைவிட்டதென்று எண்ணுதல் கூடாது. 1990களில் வாலைக் காக்கும் மின்னணு ஜைரோ பெரிதும் மேம்பட்டது. பழைய ஜைரோக்கள் வால் திரும்பும் வேகத்தை மட்டுமே தணித்தன. இங்கிலாந்தைச் சேர்ந்த காலின் மில் போன்றோர் உருவாக்கிய புதியவை, வால் எந்தத் திசையில் நிற்க வேண்டும் என்பதையே நினைவில் வைத்தன. அதன் பின்னரே ஹெலிகாப்டரை முழு வேகத்தில் பின்னோக்கிப் பறக்கவிட முடிந்தது. அதற்கு முன்பு காற்று வாலைப் பிடித்துத் திருப்பிவிடும். 2000களில் தூரிகையற்ற மின்மோட்டாரும் லித்தியம் பாலிமர் மின்கலமும் எரிபொருட் பொறியின் இடத்தைப் பெரிதும் பிடித்தன. தைவானில் செய்யப்பட்ட சிறிய மின் ஹெலிகாப்டர்கள் விலையைக் குறைத்தன. அப்பத்தாண்டின் இறுதியில், ஆர்தர் யங் காலந்தொட்டு ஏதேனும் ஒரு வடிவில் தொடர்ந்து வந்த நிலைநிறுத்தும் தண்டும் விடைபெற்றது. அதன் வேலையைச் சிறு மின்னணு உணரிகள் ஏற்றுக்கொண்டன.

பாவனைப் பயிற்சி மென்பொருளும் இக்காலத்தில் பரவியது. மாணவர் உண்மையான கட்டுப்பாட்டுக் கருவியையே கணினியில் இணைத்து, திரையில் ஹெலிகாப்டரைப் பறக்கவிடுகிறார். மோதினால் ஒரு விசையை அழுத்த மீண்டும் அது எழும். முன்பு ஒரு மோதலின் பின் பாகங்கள் வாங்கிப் பழுதுபார்க்கும் வரையில் பயிற்சி நின்றுபோகும். இப்போது ஒரே மாலையில் நூறுமுறை மோதலாம். கவிழ்ந்த நிலைகள் நான்கையும் இளைஞர்கள் விரைந்து கற்றதற்கு இதுவே பெருங்காரணம்.

இங்கே நாம் முதலில் எழுப்பிய கேள்விக்கு ஒரு விடை தென்படுகிறது. ஜைரோவும் பாவனைப் பயிற்சியும் நிலைத்தன. குச்சிகளைத் திருப்பிய பொத்தான் மறைந்தது. மூன்றும் கற்பவருக்கு உதவ வந்தவையே. ஜைரோ ஏற்றுக்கொண்டது காற்றோடு போராடும் வேலையை. அதில் விடுபட்ட கவனம் முழுவதும் உயர்ந்த திறனுக்குச் சென்றது. பாவனைப் பயிற்சி குறைத்தது தவறின் விலையை. தவறைத் தானே திருத்தும் வேலை மாணவரிடமே இருந்தது. பொத்தானோ கற்க வேண்டிய அறிவையே மாணவரிடமிருந்து மறைத்தது. ஹெலிகாப்டர் எந்நிலையில் உள்ளது என்பதை உணரும் தேவையே அதனால் இல்லாமற்போயிற்று. அவ்வுணர்வின்றி அடுத்த படிக்குச் செல்ல வழியில்லை.

இயந்திரம் மாணவனானபோது

இவ்வரலாற்றில் எதிர்பாராத மாணவர் ஒருவரும் உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ இங், பீட்டர் அபீல், ஆடம் கோட்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள், இச்சாகசங்களைத் தானே செய்யும்படி ஒரு சிறு ஹெலிகாப்டரைக் கணினி மூலம் பழக்க முற்பட்டனர். 2004இல் அது கவிழ்ந்து மிதந்தது. அடுத்த ஆண்டுகளில் குட்டிக்கரணமும் புனலும் கைவந்தன. அரிய சாகசங்களில் ஓர் இடர்ப்பாடு எழுந்தது. டிக்-டாக்கோ கேயாஸோ செய்யும்போது ஹெலிகாப்டர் ஒவ்வொரு கணமும் எங்கே, எந்தச் சாய்வில் இருக்க வேண்டும் என்பதை எழுதிக்கொடுப்பது மிகக் கடினமாயிற்று.

ஆகவே 2008இல் வெளிவந்த ஆய்வில் அவர்கள் வேறு வழியை மேற்கொண்டனர். தேர்ந்த இயக்குநர் ஒருவர் அதே சாகசத்தைப் பலமுறை செய்து காட்டினார். ஒருமுறை சற்று விரைவு, மறுமுறை சற்றுத் தாமதம். ஓரிடத்தில் உயரம் குறைந்தது, வேறோரிடத்தில் திசை விலகியது. எதுவும் முழுநிறைவானதன்று. கணினி அவற்றைக் காலவரிசையில் ஒன்றோடொன்று பொருத்தி, அவை அனைத்தும் ஒரே குறிக்கோளை நோக்கிய முயற்சிகள் என்று கொண்டு, அவர் செய்ய விழைந்த பாதையைக் கணித்தது. அவ்வாறு பழகிய ஹெலிகாப்டர், அவர் செய்து காட்டியவற்றினும் சீராகச் சாகசங்களைச் செய்தது.

ஆசிரியராக இருப்போர் இதில் இரண்டு செய்திகளைக் காணலாம். ஆசான் சொல்லில் வடிக்க இயலாத அறிவும் செய்து காட்டுவதால் கைமாறும் என்பது ஒன்று. ஆசானின் ஒவ்வொரு செய்கையிலும் குறையிருப்பினும், பலமுறை காட்டியவழி மாணவன் அக்குறைகளைக் கடந்து அவர் கருதியதைப் பற்றிக்கொள்ள முடியும் என்பது மற்றொன்று. ஒரே ஒருமுறை காட்டி நகர்ந்துவிடும் ஆசானிடம் மாணவன் குறையையும் கருத்தையும் பிரித்தறிய இயலாது.

ஆர்தர் யங்கின் தண்டு முதல் ஸ்டான்ஃபர்டின் கணினி வரை, சிறு ஹெலிகாப்டர் தன்னளவில் எளிதாகிக்கொண்டே வந்தது; அதைக்கொண்டு மனிதர் செய்வதோ கடினமாகிக்கொண்டே வந்தது. கருவி ஒரு சுமையை ஏற்றபோதெல்லாம் நல்ல கற்போர் ஓய்வெடுக்கவில்லை. அடுத்த கடினத்தைத் தேடிச் சென்றனர். புதிய கருவியொன்று நம் வகுப்புக்குள் நுழையும்போது, அது மாணவரின் எந்தச் சுமையை ஏற்கிறது என்று முதலில் கேட்போம். தவறின் விலையைக் குறைப்பதாயின் தயங்காமல் வரவேற்கலாம். அறிய வேண்டியதையே மறைப்பதாயின், இக்கலைஞர்கள் அப்பொத்தானைக் கைவிட்டதுபோல, நாமும் அதைக் கைவிடும் துணிவு கொள்ள வேண்டும்.